ஆறுமுகம் என்றொரு கோல்காப்பாளர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம். ஜாலான் புசார் விளையாட்டரங்கில் லீக் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வலப்புறத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. கோல்காப்பாளர் ஓடி வந்து கையை நீட்டினார். பந்து விரல்களில் பட்டு நழுவி எதிரணியினரின் காலடியில் விழுந்தது. அடுத்த நொடி கோல்.

என் பக்கத்து இருக்கையில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். கையில் கோப்பிப் பொட்டலம். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "ஆறுமுகமா இருந்தா இத ஒத்தக் கையில அள்ளி எடுத்திருப்பான்" என்றார்.

"எந்த ஆறுமுகம், அங்கிள்? நம்ம சிங்கப்பூர் ஆளா?"

"சிங்கப்பூரா? சிலாங்கூர் கோலிடா தம்பி! காலாங்குல உக்காந்து நாங்க அவன எவ்வளவு திட்டியிருக்கோம் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் திட்டு ஏதும் இல்லை. பழைய நண்பனைப் பற்றிப் பேசுபவரின் சிரிப்பு அது.

பல்கலைக்கழக விடுதி அணியில் மூன்று ஆண்டுகள் கோல்காப்பாளராக நின்றவன் நான். வேறு யாரும் நிற்க முன்வராததால் கிடைத்த பதவி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பஃபோனையும் காசியாசையும் அறிந்திருந்த எனக்கு ஆறுமுகத்தைத் தெரியாது. கடற்பாலத்திற்கு அப்பால், நம் மொழி பேசும் குடும்பத்தில் பிறந்து, ஆசியாவின் பெரிய அணிகளின் பந்துகளைத் தடுத்த ஒருவரைப் பற்றி ஓர் எதிரணி ரசிகர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை. ஆறுமுகம் யார், கோல்காப்பாளரின் வேலை உண்மையில் என்ன, அந்த வேலையை நாம் ஏன் இவ்வளவு எளிதில் மறந்துவிடுகிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் என்னால் இயன்றவரை விடை தேடியிருக்கிறேன்.

எதிரணிக்காரரை நாம் அறிந்தது எப்படி?

தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியே நடந்து, சையது ஆல்வி சாலையில் திரும்பி, ஜாலான் புசாரைக் கடந்தால் சிறிது நேரத்தில் டைர்விட் சாலை வந்துவிடும். அங்கேதான் இந்த அரங்கம் இருக்கிறது. 1929 டிசம்பரில் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்கா இருந்த காலம் அது. 1942இல் ஜப்பானியர் சீன ஆடவர்களை வரிசையில் நிறுத்தி, உயிரோடு விடவேண்டியவர் யார், கொண்டுபோக வேண்டியவர் யார் என்று பிரித்த இடங்களில் இந்தத் திடலும் ஒன்று. போருக்குப் பின் மீண்டும் பந்து உருண்டது. மழை பெய்தால் சேறாகிவிடும் அந்தத் திடலில்தான் சிங்கப்பூர்க் காற்பந்தின் பெரிய ஆட்டங்கள் எல்லாம் நடந்தன. 1973இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்ட பிறகு கூட்டம் அங்கே நகர்ந்தது. பழைய ஜாலான் புசார் அரங்கம் இடிக்கப்பட்டு, புதிய அரங்கம் 2003இல் அதே இடத்தில் எழுந்தது.

ஜாலான் புசாருக்கும் காலாங்கிற்கும் ஆயிரக்கணக்கானோரை இழுத்தது எது? மலேசியக் கிண்ணம். 1921இல் மலாயாக் கிண்ணம் என்ற பெயரில் தொடங்கிய போட்டி இது. முதல் இறுதி ஆட்டத்திலேயே சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என்று வென்றது. 1967இல் போட்டியின் பெயர் மலேசியக் கிண்ணம் என்று மாறியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சிங்கப்பூர் தனி நாடாகிவிட்டது. ஆனாலும் மலேசிய மாநிலங்களோடு ஓர் அணியாக நின்று கிண்ணத்திற்காக மோதும் வழக்கம் விட்டுப்போகவில்லை. நாடு பிரிந்தாலும் பந்து பிரியவில்லை என்று என் தந்தை சொல்வார்.

1975 முதல் 1981 வரையிலான ஏழு ஆண்டுகளைப் பாருங்கள். ஏழு இறுதி ஆட்டங்களிலும் சிங்கப்பூர் இடம்பெற்றது. 1977இல் மட்டும் எதிரணி பினாங்கு. மற்ற ஆறிலும் எதிரே நின்றது சிலாங்கூர். 1975இல் 1-0, 1976இல் 3-0, 1978இல் 4-2, 1979இல் 2-0, 1981இல் 4-0 என ஐந்து முறை சிலாங்கூர் வென்றது. 1980இல் மட்டும் சிங்கப்பூர் 2-1 என்று பழி தீர்த்தது. வெற்றிக் கோலை அடித்தவர் பதினேழு வயது ஃபாண்டி அகமது.

ஆண்டுதோறும் ஒரே எதிரி. அவர்களுடைய பெயர்கள் எல்லாம் சிங்கப்பூர் வீடுகளில் பழகிப்போயின. கோல் அடிக்க மொக்தார் டஹாரி, தற்காப்பில் 'தவுக்கே' என்று அழைக்கப்பட்ட சோ சின் ஆன், அவருக்குத் துணையாக சந்தோக் சிங். இவர்கள் எல்லோரையும் தாண்டிச் சென்றால் கோல் கம்பங்களுக்கு நடுவே ஆர். ஆறுமுகம். அந்தக் காலத்தில் சிலாங்கூர் கோல்காப்பாளர் என்றால் மக்கள் நினைவுக்கு வந்த பெயர் அதுதான். அவருடைய நீண்ட கைகளைப் பார்த்து ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் 'ஸ்பைடர்மேன்', அதாவது சிலந்தி மனிதர். பெரியவர் திட்டியதற்குக் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா?

நீண்ட கைகள் செய்யும் வேலை

கோல்காப்பாளர் என்றால் பந்து வரும் திசையில் பாய்பவர் என்றுதான் பலர் நினைக்கிறோம். தொலைக்காட்சியும் பாய்ச்சலைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஆனால் பாய்வது கடைசி வழி. நல்ல கோல்காப்பாளர் பாய வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுகொள்வார். இதற்குச் சிறிய கணக்கு ஒன்று போதும்.

கோலின் அகலம் 7.32 மீட்டர். உயரம் 2.44 மீட்டர். எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் கோலுக்கு நேரே 16 மீட்டர் தூரத்தில் பந்தோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோல்காப்பாளர் கோட்டிலேயே நின்றால் 7.32 மீட்டர் அகலத்தையும் அவர் காக்க வேண்டும். கோட்டைவிட்டு 4 மீட்டர் முன்னே வந்தால் காக்க வேண்டிய அகலம் சுமார் 5.5 மீட்டராகக் குறைகிறது. 8 மீட்டர் முன்னே வந்தால் சரிபாதி, அதாவது 3.66 மீட்டர். உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒத்த முக்கோணங்கள்தாம் இவை. இந்த இடத்தில் இரு கைகளையும் விரித்தால் இரண்டு மீட்டர் போய்விடும். மிஞ்சுவது இருபுறமும் ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளி. கோல் அடிக்க வந்தவரின் கண்ணுக்குக் கோலே சுருங்கிப்போகும்.

இப்படியானால் எப்போதும் முன்னே ஓடி வரலாமே என்று கேட்கலாம். வந்தால் தலைக்கு மேலே தூக்கி அடித்துவிடுவார்கள். சற்றுத் தாமதமாக வந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எந்த நொடியில் கிளம்புவது, எந்த இடத்தில் நிற்பது என்பதை ஓடிக்கொண்டே முடிவு செய்ய வேண்டும். விடுதி அணியில் நான் வாங்கிய கோல்களில் பாதி, நான் பாயத் தெரியாமல் வாங்கியவை அல்ல. கிளம்பலாமா வேண்டாமா என்று பாதி வழியில் நின்று யோசித்ததால் வாங்கியவை.

அடுத்து, பக்கவாட்டிலிருந்து உயரமாக வரும் பந்து. பெரியவர் ஆறுமுகத்தை நினைத்துக்கொண்டது அப்படி ஒரு பந்தைப் பார்த்துத்தான். கோலுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் முட்டி மோதிக்கொண்டு நிற்பார்கள். எல்லோருக்கும் தலை மட்டுமே உண்டு. கோல்காப்பாளர் ஒருவருக்குத்தான் கையைப் பயன்படுத்த உரிமை. எதிரணி ஆட்டக்காரரின் தலை எட்டும் உயரத்திற்கு மேலேயே பந்தைப் பிடித்துவிட்டால் ஆபத்து அங்கேயே முடிந்துவிடும். கை நீளமானால் அவ்வளவு உயரத்தில், அவ்வளவு சீக்கிரமாகப் பிடிக்கலாம். ஆறுமுகத்தின் கைகள் அணிக்குப் பெரும் சொத்தாக இருந்ததற்குக் காரணம் இதுவே. பந்து கோலை நோக்கித் திரும்பும் முன்பே அவர் கைக்குள் போய்விடும். ஆட்டத்தைப் பதிவு செய்பவர் அதைக் கோல் முயற்சி என்றுகூட எழுதமாட்டார். ஏனென்றால் முயற்சியே நடக்கவில்லை.

அந்தக் காலத்து விதிகளையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். தன் அணியினர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்காப்பாளர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. ஆறுமுகத்தின் காலத்தில் எடுக்கலாம். அந்த வகையில் வேலை சற்று எளிது. ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அடிகளுக்கு மேல் நடக்கக்கூடாது. அந்த நான்கடி விதி 2000இல்தான் நீங்கி, ஆறு விநாடி விதியாயிற்று. 2025இல் அது எட்டு விநாடியாகியிருக்கிறது. பெனால்டி உதையின்போது, பந்து உதைக்கப்படும்வரை கோல்காப்பாளர் கோட்டின்மீது கால்களை அசைக்காமல் நிற்க வேண்டும் என்பது 1997 வரை விதி. இன்றைய கோல்காப்பாளர்கள் கோட்டில் இங்கும் அங்கும் ஆடி உதைப்பவரைக் குழப்புகிறார்களே, அந்தச் சலுகை அவருக்குக் கிடையாது.

பெனால்டியின் தூரம் 11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்தால் பந்து கோலை எட்டுவதற்கு 0.4 விநாடி ஆகும். கண் பார்த்து உடல் அசையத் தொடங்கவே அதில் பாதி நேரம் போய்விடும். மிச்சமுள்ள 0.2 விநாடியில் கம்பம் வரை பாய்வது நடக்காத காரியம். எனவே கோல்காப்பாளர் பந்தைப் பார்த்துவிட்டுப் பாய்வதில்லை. உதைப்பவரின் ஓட்டத்தையும் இடுப்பின் திருப்பத்தையும் ஊன்றும் காலையும் பார்த்து முன்கூட்டியே முடிவெடுக்கிறார்.

இவற்றோடு பந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகக் கிண்ணப் போட்டியிலேயே முழுவதும் செயற்கைப் பொருளால் ஆன பந்து 1986இல்தான் வந்தது. அதற்கு முந்தைய தோல் பந்து மழையில் நனைந்தால் நீர் குடித்துக் கனக்கும். கையில் வழுக்கும். நம் வட்டாரத்து மழையை நான் சொல்லத் தேவையில்லை.

1980 ஏப்ரல்

ஆறுமுகம் 1953 ஜனவரி 31ஆம் தேதி பிறந்தவர். 1970களின் தொடக்கத்தில் மலேசிய அணிக்குள் வந்து 1986 வரை விளையாடினார். மலேசியக் காற்பந்தின் பொற்காலம் என்று இன்றும் பலர் சொல்லும் ஆண்டுகள் அவை. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலம் வென்றது. 1977, 1979 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றது. ஆனால் அந்தத் தலைமுறையின் உச்சம் என்று எல்லோரும் நினைவுகூர்வது 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதியை.

மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்று கோலாலம்பூரில் நடந்தது. தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், புருணை ஆகிய அணிகளும் போட்டியிட்டன. முதலிடத்திற்கான ஆட்டத்தில் மலேசியாவும் தென் கொரியாவும் மெர்டேக்கா அரங்கில் மோதின. இருக்கைகள் நிறைந்து வழிந்தன. 1-1 என்றிருந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஹசான் சானி ஓடிச் சென்று தந்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலுக்குள் அனுப்பினார். 2-1. மலேசியா ஒலிம்பிக் செல்லத் தகுதி பெற்றது.

இன்றும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது ஜேம்ஸ் வோங்கின் பெயரைத்தான். அது நியாயமே. கோல் அடித்தவர் அவர்தானே. ஆனால் ஓர் அணி 2-1 என்று வெல்வதற்கு இரண்டு கோல் அடித்தால் மட்டும் போதாது. இரண்டாவது கோலை வாங்காமல் இருக்கவும் வேண்டும். அந்த இரண்டாவது பாதிக்குக் காவல் நின்றவர்களில் கடைசி ஆள் ஆறுமுகம்.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தன. அதை எதிர்த்துப் பல நாடுகள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. அரசியல் நியாயம் எதுவாக இருந்தாலும், விளையாடித் தகுதி பெற்ற அந்த இளைஞர்கள் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. அவர்களுடைய இடத்தில் ஈராக் மாஸ்கோ சென்றது. 1972 மியூனிக்கிற்குப் பிறகு மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியதே இல்லை.

ஆறுமுகத்திற்கு அப்போது 27 வயது. கோல்காப்பாளர்கள் முதிரத் தொடங்கும் வயது. உலகம் அவரைப் பார்த்திருக்க வேண்டிய ஆண்டு அது. உலகம் பார்க்கவில்லை. ஐரோப்பாவின் அணிகளுக்கு எதிரே அந்தக் கைகள் என்ன செய்திருக்கும் என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலே போயிற்று.

நடக்காததை எப்படி எண்ணுவது?

ஆறுமுகத்தைப் பற்றித் தேடும்போது முதலில் கண்ணில் படும் எண் 196. மலேசிய அணிக்காக அவர் அத்தனை ஆட்டங்கள் ஆடியதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தக் காலத்து ஆட்டங்களை எண்ணுவதில் சிக்கல் உண்டு. ஒலிம்பிக் தகுதி ஆட்டங்களைச் சேர்ப்பதா, வெளிநாட்டு மன்றங்களோடு ஆடிய ஆட்டங்களைச் சேர்ப்பதா என்பதைப் பொறுத்துப் பட்டியலுக்குப் பட்டியல் எண்ணிக்கை மாறும். எப்படிக் குறைத்து எண்ணினாலும் பெரிய எண்தான். அதை மறுப்பார் இல்லை.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. மொக்தார் டஹாரி எத்தனை கோல் அடித்தார் என்று கேட்டால் ஓர் எண் கிடைக்கும். அது சரியா தவறா என்று வாதாடலாம். ஆறுமுகம் எத்தனை கோலைத் தடுத்தார் என்று கேட்டால்? எண்ணே கிடையாது. இன்றைய ஆட்டங்களில் ஒவ்வொரு உதையையும் கணினியில் பதிவு செய்கிறார்கள். அன்று நாளிதழில் கோல் அடித்தவரின் பெயரும் நிமிடமும் வரும். தடுத்தவரின் பெயர், அதிகம் போனால், செய்தியின் நடுவில் ஒரு வரியில் வரும். முன்னே நான் சொன்னதுபோல, சரியான இடத்தில் நின்றதால் எதிரணியினர் உதைக்காமலே விட்ட பந்துகளும், தலைக்கு எட்டும் முன் பறிக்கப்பட்ட பந்துகளும் இன்றைய கணினிக்குக்கூட முழுமையாக அகப்படுவதில்லை.

கோல்காப்பாளர் செய்யும் தவறு மட்டும் எண்ணிக்கையில் ஏறிவிடும். அது எதிரணியின் கோலாக நிரந்தரமாகப் பதிவாகும். சரியாகச் செய்தது அன்று அரங்கில் இருந்தவரின் நினைவில் மட்டுமே தங்கும். அந்த நினைவுக்காரர்கள் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

ஆறுமுகத்தின் கதையில் இது இன்னும் கூர்மையாகிறது. அவர் ஆடிய காலம் முழுவதும் மலேசியக் காற்பந்து அமெச்சூர் விளையாட்டாகவே இருந்தது. பகுதித் தொழில்முறை லீக் 1989இல்தான் தொடங்கியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1988 டிசம்பர் 18ஆம் தேதி, ஆறுமுகம் கார் விபத்தில் இறந்தார். வயது 35. பயிற்சியாளராகி அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தரவோ, முதுமையில் அமர்ந்து பேட்டி கொடுக்கவோ அவருக்கு வாய்ப்பில்லை. மொக்தார் டஹாரியும் 1991இல் 37 வயதில் நோயால் காலமானார். சிங்கப்பூரை ஆண்டுதோறும் அழவைத்த அணியின் முன்முனையும் பின்முனையும் மூன்றே ஆண்டுகளுக்குள் மறைந்தன.

2016இல் 'ஓலா போலா' என்ற மலேசியத் திரைப்படம் வெளிவந்தது. 1980ஆம் ஆண்டு அணியை அடிப்படையாகக் கொண்ட கற்பனைக் கதை. சியூ கெங் குவான் இயக்கினார். மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் எனப் பல மொழிகள் பேசும் அந்தப் படத்தில் கோல்காப்பாளராக வருபவர் முத்துகுமார் என்ற தமிழ் இளைஞர். ஆறுமுகத்தை அறிந்தவர்கள் அந்தப் பாத்திரத்தில் அவரையே கண்டார்கள். அறியாத இளையர்களுக்கு ஒரு பெயராவது கிடைத்தது. ஆனால் திரைப்படத்திற்கு அதற்கே உரிய சுதந்திரங்கள் உண்டு. முத்துகுமாரைப் பார்த்துவிட்டு ஆறுமுகத்தைத் தெரியும் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு தமிழ்ப் பெயர்

இந்தத் தேடலில் எனக்கு வேறொரு பெயரும் கிடைத்தது. பீட்டர் தங்கராஜ். 1935இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். முன்வரிசையில் கோல் அடிப்பவராகத் தொடங்கி, ராணுவத்தில் சேர்ந்து மதராஸ் ரெஜிமென்ட் மையத்து அணிக்கு ஆடியபோது கோல் கம்பங்களுக்கு நடுவே வந்தவர். 1956 மெல்பர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற இந்திய அணிகளில் இடம்பெற்றவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில், இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் முன் நின்று, தென் கொரியாவை 2-1 என்று வென்ற அணியின் கோல்காப்பாளர் அவர். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008இல் காலமானார்.

ஒற்றுமையைக் கவனித்தீர்களா? 1962இலும் தென் கொரியா, 2-1. 1980இலும் தென் கொரியா, 2-1. ஒரு முறை ஜகார்த்தாவில், ஒரு முறை கோலாலம்பூரில். இரண்டு முறையும் கோல் அடித்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் முன்னால் நிற்கின்றன. இரண்டு முறையும் மறுமுனையில் ஒரு தமிழர் நின்றார். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குத் தெரியாது.

பெரியவர் சொன்னதன் பொருள்

சிங்கப்பூர் 1994 டிசம்பர் 17ஆம் தேதி ஷா ஆலமில் பாகாங்கை 4-0 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அன்று நம் கோலைக் காத்தவர் டேவிட் லீ. அதற்குப் பிறகு சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. 1996இல் சொந்த லீக் தொடங்கியது. 2012 முதல் 2015 வரை லயன்ஸ் லெவன் அணி ஜாலான் புசாரைச் சொந்த அரங்கமாகக் கொண்டு மீண்டும் மலேசியாவில் ஆடி, 2013இல் அங்கே லீக் பட்டமும் வென்றது. அதுவும் முடிந்துபோயிற்று. அடுத்த மாநிலத்துக் கோல்காப்பாளரின் பெயரைச் சொல்லித் திட்டும் பழக்கம் என் தலைமுறைக்கு இல்லை. நாங்கள் திட்டுவதெல்லாம் இங்கிலாந்து லீக்கில் ஆடுபவர்களை. அவர்களுக்கு அது கேட்கப்போவதும் இல்லை.

அன்று ஆட்டம் முடிந்ததும் பெரியவரோடு லாவண்டர் ஸ்திரீட் பக்கம் நடந்தேன். "அவன் மேல கோவம் இல்லையா அங்கிள்?" என்று கேட்டேன்.

"கோவம் என்ன கோவம்? பந்து உள்ள போகணும்னு நாங்க கத்துவோம். அவன் புடிச்சிருவான். ஒரு நிமிஷம் எல்லாரும் வாய மூடிருவோம். அந்த ஒரு நிமிஷம்தான் இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார்.

ஐம்பதாயிரம் பேர் கூடிய அரங்கம் ஒரு கணம் அமைதியானது. அதை எந்த நாளிதழும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, எதிரணி ரசிகர் ஒருவர் ஜாலான் புசாரில் மழை நின்ற மாலையில் அதைச் சொன்னார். ஒரு கோல்காப்பாளருக்கு இதைவிட நம்பகமான பதிவு வேறு இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. சொந்த அணி ரசிகர் புகழ்வது இயல்பு. எதிரணி ரசிகருக்குப் புகழ வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் அந்தப் பதிவு காகிதத்தில் இல்லை. எழுபது, எண்பது வயதானவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். வீட்டு ஓய்வு நாற்காலியிலும், வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலும், கோப்பிக் கடையிலும் அமர்ந்திருக்கிறார்கள். தமிழ்ப் பேரவை மாணவர்களாகிய நாம் கவிதைப் போட்டியும் பட்டிமன்றமும் நடத்துகிறோம். அவற்றோடு இந்த வேலையையும் செய்யலாம். அடுத்த தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போகும்போது தாத்தாவிடமோ பெரியப்பாவிடமோ, "நீங்க பார்த்ததிலேயே நல்ல கோலி யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். கைப்பேசியின் ஒலிப்பதிவை இயக்கிவிட்டுப் பேச விடுங்கள். தேதி தவறாகச் சொல்லலாம். ஸ்கோர் தவறாகச் சொல்லலாம். அதை நூலகத்தில் பழைய நாளிதழைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அந்த ஒரு நிமிட அமைதியை மட்டும் நாளிதழில் தேடிப் பிடிக்க முடியாது.

நான் அந்தப் பெரியவரின் பெயரைக் கேட்டுக்கொள்ள மறந்துவிட்டேன். அதன் பிறகு பல ஆட்டங்களுக்கு ஜாலான் புசார் சென்றேன். அதே பகுதியில் இருக்கை தேடி அமர்ந்தேன். இன்னும் அவரைக் காணவில்லை.